ஸ்னோமொபைலின் தந்தை பம்பார்டியர்: பனியில் என்ஜினோடு மல்லுக்கட்டிய கராஜ்காரரும், இன்றைய ‘ஃப்யூவல் கன்ட்ரோலர்’ கேள்வியும்

டெல்லி மெட்ரோவில் பயணித்தவர்களுக்கும், ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 புரொப்பெல்லர் விமானத்தில் பறந்தவர்களுக்கும் ‘பம்பார்டியர்’ என்ற பெயர் எங்கேயோ கண்ணில் பட்டிருக்கும். ரயிலும் விமானமும் செய்த அந்த கனடா நிறுவனம், ஒரு கிராமத்து கார் மெக்கானிக்கின் கராஜில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே முதலில் செய்தது ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. பனியில் ஓடும் வண்டி.

அந்த மெக்கானிக்தான் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். குல்மார்க் போகிறவர்கள் ஏறி செல்ஃபி எடுக்கிற ஸ்னோமொபைல் என்ற வண்டி, இன்றைய வடிவத்துக்கு வந்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்னோமொபைல் என்ஜினை மாடிஃபை செய்வது இன்று பெரிய ஹாபி. அவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி, எந்த ஃப்யூவல் கன்ட்ரோலர் வாங்குவது என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. பம்பார்டியரின் வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

பாதிரியார் ஆக வேண்டிய பையன்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சின்ன ஊர். 1907 ஏப்ரல் 16-ல் அங்கே பிறந்தார் பம்பார்டியர். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதிலேயே பொம்மை வண்டிகளைச் செய்வதும், கையில் கிடைத்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதும்தான் வேலை.

மூத்த மகனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை. ஷெர்ப்ரூக் நகரத்தில் உள்ள குருமடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், பையன் நேராகப் போவது இயந்திரங்களிடம்தான். வீட்டு காரில் கை வைத்துவிடுவானோ என்ற பயத்தில், ஓடாமல் கிடந்த ஒரு ஃபோர்டு மாடல் டி காரின் என்ஜினை அப்பா அவனிடம் கொடுத்தார். இதை வைத்து என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ என்பதுதான் கணக்கு.

1922 டிசம்பர் 31. ஊர்த்தெருவில் ஒரு விசித்திர வண்டி உறுமிக்கொண்டு வந்தது. இரண்டு சறுக்கு வண்டிகளை ஒன்றாகக் கோத்து, மேலே அந்தப் பழைய என்ஜினை ஏற்றி, பின்னால் மர புரொப்பெல்லர் மாட்டியிருந்தார் 15 வயது பம்பார்டியர். முன்னால் உட்கார்ந்து திசை திருப்பியது தம்பி லெயோபோல்ட். என்ஜினைப் பார்த்துக்கொண்டது அண்ணன். வண்டி நிஜமாகவே ஓடியது. ஆனால் மூடி எதுவும் இல்லாமல் சுழலும் புரொப்பெல்லர் பக்கத்தில் நிற்பவர் கையைக் கொண்டுபோய்விடும். உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார் அப்பா.

வண்டி பிரிந்தது. யோசனை பிரியவில்லை. 1924-ல் குருமடத்தை விட்டு வர அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். பக்கத்து ஊர் கராஜில் வேலை பழகினார். பிறகு மாண்ட்ரியல் நகரத்துக்குப் போய் பகலில் மெக்கானிக் வேலை, மாலையில் தொழில்நுட்ப வகுப்பு.

19 வயதில் சொந்த கராஜ்

1926-ல் வால்கூருக்குத் திரும்பி, அப்பாவிடம் கடன் வாங்கி சொந்த கராஜ் திறந்தார். வயது 19. சில ஆண்டுகளிலேயே கடனை அடைத்துவிட்டார். 1929-ல் இவோன் லாப்ரெக் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

கோடையில் கராஜ் நிரம்பி வழியும். குளிர்காலத்தில் காற்று வாங்கும். காரணம், அந்தக் காலத்தில் கியூபெக் கிராமச் சாலைகளில் பனியை அள்ளுவதே கிடையாது. நவம்பர், டிசம்பரில் பனி விழத் தொடங்கினால், கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு வசந்தம் வரும் வரை குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான். வருமானம் இல்லாத அந்த மாதங்களில்தான் பம்பார்டியர் தன் பனி வண்டி சோதனைகளைச் செய்தார்.

கனமான வண்டி, லேசான வண்டி என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். ஒருவர் இருவர் மட்டும் ஏறும் குட்டி வண்டிதான் அவருடைய ஆசை. ஆனால் அன்று கிடைத்த என்ஜின்கள் எடை அதிகம், சீக்கிரம் சூடாகும், பாதி வழியில் நிற்கும். லேசான வண்டிமேல் கனமான என்ஜினை வைத்தால் பனியில் புதையும். அதனால் குட்டி வண்டி யோசனையை ஓரங்கட்டிவிட்டு, பெரிய வண்டி பக்கம் திரும்பினார்.

1934: மருத்துவமனைக்குப் போக முடியாத குளிர்காலம்

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. வயிற்றுக்குள் தொற்று பரவிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம். மருத்துவமனை இருப்பதோ சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், ஷெர்ப்ரூக்கில். சாலை முழுக்கப் பனி. கராஜில் சோதனை வண்டிகளின் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆனால் அந்த தூரத்தைத் தாண்டக்கூடிய நிலையில் எதுவும் இல்லை. குழந்தை இறந்துபோனது.

பம்பார்டியர் இதற்குப் பிறகுதான் பனி வண்டி செய்யத் தொடங்கினார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. 12 வருடமாகவே அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு வண்டி என்பது தெருவில் ஓடிக் காட்டினால் போதாது, நடு ராத்திரியில், கடும் குளிரில், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 50 கிலோமீட்டர் போய்ச் சேர வேண்டும். அந்த அளவுகோலில் அவர் செய்தவை இன்னும் தேறவில்லை என்பதைத்தான் அந்த இழப்பு காட்டியது.

சிக்கலை அவிழ்த்த பல் சக்கரம்

விடை என்ஜினில் இல்லை, அதன் சக்தியைப் பனிக்குக் கொண்டுபோகும் இடத்தில் இருந்தது. சாதாரண சக்கரம் பனியில் சுழன்றுகொண்டே இருக்கும், வண்டி நகராது. பீரங்கி வண்டியைப் போல சங்கிலிப் பட்டை போடலாம். ஆனால் இரும்புப் பல் சக்கரத்தில் பனி ஒட்டி உறைந்து, பட்டை நழுவிவிடும்.

ரப்பர் போர்த்திய பல் சக்கரமும், அதைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையும்தான் பம்பார்டியர் கண்ட தீர்வு. ரப்பரில் பனி அவ்வளவாக ஒட்டாது, சத்தமும் குறைவு. 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் 40-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கினார் என்றாலும், அவர் வாழ்க்கையை மாற்றியது இதுதான்.

இந்த அமைப்போடு வந்த முதல் வண்டி பி7. பம்பார்டியரின் ‘பி’, ஏழு பேர் உட்காரலாம் என்பதால் ‘7’. அடுத்து 12 பேர் ஏறும் பி12. இவை கிராமத்து டாக்டருக்கு கார், நோயாளிக்கு ஆம்புலன்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ், தபால்காரருக்கு வேன் என்று எல்லாமாகவும் ஓடின. 1942-ல் கராஜ் முறையான நிறுவனம் ஆனது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கும் பட்டை வண்டிகள் செய்து கொடுத்தது.

வாடிக்கையாளரைப் பறித்த பனி அள்ளும் வண்டி

1948-ல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அள்ளத் தொடங்கியது. மக்களுக்கு நல்ல செய்தி. பம்பார்டியருக்கு அடி. சாலை திறந்திருந்தால் சாதாரண காரே போதுமே, பனி பஸ் எதற்கு?

விற்பனை சரிந்தது. சாலையே இல்லாத இடங்களைத் தேடிப் போனார் அவர். சதுப்பு நிலம், காடு, எண்ணெய் வயல், சுரங்கம். 1953-ல் வந்த மஸ்கெக் டிராக்டர், சேற்றிலும் பனியிலும் பாரம் இழுக்கும் வண்டி. அதன் வருமானத்தால் நிறுவனம் நிமிர்ந்தது. கையில் காசும் நேரமும் கிடைத்ததும், அவர் பழைய குட்டி வண்டி யோசனையைத் தூசி தட்டி எடுத்தார்.

1959: ஸ்கி-டூ பிறந்த கதை

1930-களில் இல்லாத ஒன்று 1950-களில் சந்தையில் இருந்தது. சின்ன, லேசான, காற்றிலேயே குளிரும் என்ஜின். இன்னொரு பக்கம், மகன் ஜெர்மைன் ஒட்டு இல்லாத ரப்பர் பட்டையை உருவாக்கியிருந்தார். இரண்டும் சேர்ந்தன. முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் ஒரே அகலமான பட்டை.

நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாற்று என்பதால் முதலில் யோசித்த பெயர் ‘ஸ்கி-டாக்’. கடைசியில் நிலைத்தது ‘ஸ்கி-டூ’. ஆரம்ப வண்டி ஒன்று ஒண்டாரியோவின் வடக்கே, பழங்குடி மக்களிடையே பணியாற்றிய மிஷனரி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவரைப் போன்றவர்களுக்கும், வேட்டைக்காரர்களுக்கும், நில ஆய்வாளர்களுக்குமான வேலை வண்டி என்றுதான் பம்பார்டியர் நினைத்தார். விலை சுமார் 900 டாலர். முதல் சீசனில் விற்றது 225.

அடுத்த சில வருடங்களில் விற்பனை ஆயிரங்களைத் தொட்டது. ஜாலியாக ஓட்டுவதற்காகவே மக்கள் வாங்க ஆரம்பித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் செய்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் ஸ்கி-டூவுக்குள் வந்தன. ஆனால் அந்த அலை உச்சிக்குப் போவதைப் பார்க்க அவர் இல்லை. 1964 பிப்ரவரி 18-ல், 56 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

அவருக்குப் பிறகு மருமகன் லோரான் போதுவான் காலத்தில் நிறுவனம் 1970-ல் ரோட்டாக்ஸை வாங்கியது. 1974-ல் மாண்ட்ரியல் மெட்ரோ ரயில் ஆர்டர் கிடைத்தது. 1986-ல் கனடேர் நிறுவனத்தை வாங்கி விமானத் துறைக்குள் நுழைந்தது. 2003-ல் ஸ்னோமொபைல் பிரிவு தனியாகப் பிரிந்து பி.ஆர்.பி. என்ற நிறுவனம் ஆனது. ஸ்கி-டூ இன்றும் அங்கேதான் தயாராகிறது. வால்கூரில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

சரி, ஃப்யூவல் கன்ட்ரோலர் எதற்கு?

பம்பார்டியர் தலைமுறை என்ஜினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். ஆர்எக்ஸ்100 வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ‘ஜெட்’ என்ற சின்னத் துளை, அதன் அளவுக்குத்தான் பெட்ரோல் வரும்.

பனியில் இது ஏன் பிரச்சினை? காற்று குளிர்ந்தால் அடர்த்தியாகும். 30 டிகிரி வெயிலில் இருப்பதைவிட மைனஸ் 30 டிகிரியில் அதே அளவு காற்றில் சுமார் 25% அதிக ஆக்ஸிஜன் இருக்கும். ஆக்ஸிஜன் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். மலை ஏறினால் கதை தலைகீழ். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 25% குறைவு. ஜெட்டுக்கோ இது எதுவும் தெரியாது. அதனால்தான் கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்ப ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பெட்ரோல் அதிகமானால் புகை, பிளக் நனைதல், சக்தி குறைதல். அதோடு போச்சு. குறைந்தால்தான் ஆபத்து. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் உள்ளே வரும் பெட்ரோலும் பிஸ்டனைக் குளிர்விக்கிறது. அது போதாவிட்டால் பிஸ்டன் ஜாம் ஆகும், இல்லை ஓட்டையே விழும். அது நடப்பது பெரும்பாலும் ஊருக்குள் அல்ல, முழு வேகத்தில் போகும் பனி வெளியில்.

இன்றைய வண்டிகளில் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று இசியு கணக்குப் போடுகிறது. வெப்பத்துக்கும் உயரத்துக்கும் அதுவே திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தக் கணக்கு கம்பெனி என்ஜினுக்கு எழுதியது. சைலன்சர் பைப்பை மாற்றி, ஏர்பாக்ஸை மாற்றி, டர்போ போட்டால், பழைய கணக்கு உதவாது. அங்கேதான் ஃப்யூவல் கன்ட்ரோலர் வருகிறது.

எந்த மாற்றத்துக்கு எது?

பிக்கிபேக்: இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. இசியு அனுப்பும் சிக்னலைக் கொஞ்சம் நீட்டும், கொஞ்சம் குறைக்கும். பைப், ஏர் ஃபில்டர் மாதிரி லேசான மாற்றங்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பெரிய பிளஸ், வெப்பத்துக்கும் உயரத்துக்கும் கம்பெனி இசியு செய்யும் திருத்தம் அப்படியே வேலை செய்யும்.

இசியு ரீஃப்ளாஷ்: பெட்டி எதுவும் இல்லை, இசியுவுக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது. பெட்ரோலோடு பற்றவைக்கும் நேரத்தையும் மாற்றலாம். ஆனால் உங்கள் வண்டியில் இருக்கும் அதே பாகங்களுக்கு எழுதிய கணக்காக இருக்க வேண்டும். அடுத்த மாதம் வேறு பைப் போட்டால் மறுபடி எழுத வேண்டும்.

பூஸ்ட் பார்க்கும் கன்ட்ரோலர்: டர்போ போட்டால் என்ஜினுக்குள் காற்று அழுத்தத்தோடு நுழையும். டர்போ இல்லாத வண்டியின் சென்சார் அந்த அழுத்தத்தை அளக்கும் வகையில் செய்யப்பட்டிருக்காது. எனவே பூஸ்ட் அழுத்தத்தைத் தானே அளந்து பெட்ரோலைக் கூட்டும் கன்ட்ரோலர் தேவை. கூடவே இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் அந்த அளவைத் தர முடியுமா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் ஏற்கனவே முழு நேரமும் திறந்திருந்தால், எந்தப் பெட்டியாலும் அதற்குமேல் பெட்ரோல் தர முடியாது.

ஸ்டாண்ட்அலோன்: பழைய இசியுவை எடுத்துவிட்டு முழுசாகப் புதியது. ரேஸ் என்ஜின்களுக்கு ஏற்றது. ஆனால் கடும் குளிரில் ஸ்டார்ட் ஆவது முதல் மலை உயரத் திருத்தம் வரை எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து ட்யூன் செய்ய வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. ரோட்டாக்ஸின் இ-டெக் மாதிரி நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் இன்ஜெக்டர் வேலை செய்யும் விதமே வேறு. சாதாரண பிக்கிபேக் அதற்குப் பொருந்தாது. அந்த என்ஜினுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி எல்லோரும் கேட்பது: எத்தனை குதிரைசக்தி கூடும்? பம்பார்டியர் 1934-க்குப் பிறகு தன் வண்டிகளிடம் கேட்டது வேறு: இது போய்ச் சேருமா? கன்ட்ரோலர் விஷயத்தில் அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் சில சின்னக் கேள்விகள் கிடைக்கும்.

மைனஸ் 30 டிகிரியில், பொழுது விடிந்ததும் முதல் ஸ்டார்ட் எடுக்குமா? பேட்டரி இல்லாமல் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வண்டி என்றால், அந்தக் குறைந்த மின்சாரத்தில் பெட்டி விழித்துக்கொள்ளுமா? கனெக்டர்கள் ஈரத்தையும் அதிர்வையும் தாங்குமா? காலையில் பள்ளத்தாக்கிலும் மதியம் மலை உச்சியிலும் ஓட்டினால், நடுவில் நின்று செட்டிங் மாற்ற வேண்டுமா?

ட்யூன் செய்யும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பக்கமே ஆரம்பித்து, மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் உதவும். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் வெளியேறுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. புகைக் குழாயின் வெப்ப அளவையும், ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நடுக்காட்டில் பெட்டி செத்துப்போனால் என்ன செய்வது? நல்ல பிக்கிபேக்கில் கம்பெனி கனெக்டர்களை வெட்டாமல் மாட்டியிருப்பார்கள். பெட்டியைக் கழற்றி, பழைய கனெக்டரை நேராக இணைத்து, டர்போ இல்லாத வண்டியென்றால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தாமல் மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர வாய்ப்பு உண்டு. வயரை வெட்டி ஒட்டிய வேலையில் அது நடக்காது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிற குளிரில், அந்த இணைப்பை ஐந்து நிமிடத்தில் மாற்ற முடியுமா என்று வீட்டு ஷெட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.